ஃபன்னி டர்ன்: இங்கிலீஷ் தெரிந்த டாக்டர் கோட்டை விட்ட கதை

1/
"எப்படி விழுந்தீங்க?"ன்னு கேட்டேன்.

"ஐ ஹேட் எ ஃபன்னி டர்ன், டாக்டர்" என்றார் அந்தப் பெரியவர்.

ஃபன்னி என்றால் வேடிக்கை. டர்ன் என்றால் திரும்புவது. ஏடாகூடமாகத் திரும்பியதில் கால் இடறி விழுந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். கேஸ் ஷீட்டிலும் அப்படியே எழுதினேன்.

அந்த ஒரு வரி அவர் உயிரைப் பறித்திருக்கும்.

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. ஒரு டீயோட உட்காருங்க.

2/
முதல்ல என்னைப் பத்தி. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். அரசு மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை வருஷம் டிக்‌ஷனரியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு இங்கிலீஷ் புத்தகங்களோடு மல்லுக்கட்டி டாக்டர் ஆனவன்.

பிறகு பிரிட்டன் ஆசை. வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் அங்கே வேலை பார்க்க ப்ளாப் என்று இரண்டு பகுதித் தேர்வு உண்டு. அதற்கும் முன்னால் ஆங்கிலத் தேர்வு. ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் மொத்தத்தில் 7.5 வாங்கணும், எழுத்து, பேச்சு, கேட்பது, படிப்பது எதிலும் 7-க்குக் குறையக் கூடாது.

வாங்கிட்டேன். அந்த மார்க் ஷீட்டை அம்மா சாமி படத்துக்கு முன்னால வெச்சுக் கும்பிட்டாங்க. இனிமே நமக்கு இங்கிலீஷ் ஒரு பிரச்சினையே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு விமானம் ஏறினேன்.

3/
வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். மருத்துவமனையில் எமர்ஜென்சி டியூட்டி. முதல் வாரம்.

ஒரு பாட்டி, "எனக்கு வாட்டர்வொர்க்ஸ்ல பிரச்சினை" என்றார். நம்ம ஊர்ல வாட்டர் வொர்க்ஸ் என்றால் குடிநீர் தொட்டி இருக்கிற இடம். வீட்டுக் குழாய் ரிப்பேரை இந்தம்மா ஏன் நம்மகிட்ட சொல்றாங்கன்னு முழிச்சேன். சிறுநீர் போவதில் பிரச்சினை என்று அர்த்தமாம்.

இன்னொருவர் "அண்டர் த வெதர்" என்றார். நாம எல்லாருமே வெதருக்குக் கீழதானய்யா இருக்கோம்? உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த ஒரு அம்மா, என்னைக் கூப்பிட்டு மெதுவாக, "ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி" என்றார். ஏதோ காசு செலவு பண்ணணும்போல. "கடை கீழே இருக்குங்க, டிரிப்ஸ் முடிஞ்சதும் போகலாம்"னு சமாதானம் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நர்ஸ் ஓடி வந்து பெட்பேன் வைத்தார்.

4/
இந்தப் பென்னிக் கதை சுவாரஸ்யமானது.

1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகை கட்டி மாபெரும் உலகக் கண்காட்சி நடத்தினார்கள். அங்கே ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற பொறியாளர், தண்ணீர் ஊற்றிக் கழுவும் பொதுக் கழிப்பறைகளை அமைத்தார். கட்டணம் ஒரு பென்னி. 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காசு கொடுத்துப் போயிருக்கிறார்கள்.

பின்னாளில் பொதுக் கழிப்பறைக் கதவுகளிலேயே காசு போட்டால் திறக்கும் பூட்டு வந்தது. ஆண்கள் நின்றுகொண்டு போகும் இடம் பெரும்பாலும் இலவசம். பெண்கள்தான் ஒவ்வொரு தடவையும் பென்னி போட வேண்டும். அதனால் "ஒரு பென்னி செலவு பண்ணிட்டு வரேன்" என்பது பெண்களின் நாசூக்கான பேச்சாகிவிட்டது.

1971-ல் அந்தப் பழைய பென்னியே வழக்கொழிந்து, நூறு பென்னிக்கு ஒரு பவுண்டு என்று கணக்கு மாறிவிட்டது. காசு போச்சு. பேச்சு மட்டும் நிற்கிறது.

5/
இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நாமும் பள்ளிக்கூடத்தில் மரபுத்தொடர் படித்தவர்கள்தானே? கம்பி நீட்டினான் என்றால் யார் கையிலும் கம்பி இல்லை. கயிறு திரித்தான் என்றால் கயிறும் இல்லை. வார்த்தை ஒவ்வொன்றும் தெரியும், சேர்த்து வைத்தால் வேற எங்கேயோ போய் நிற்கும்.

இதில் இருக்கிற ஆபத்து என்னன்னா, தெரியாத வார்த்தை வந்தால் "அப்படின்னா என்ன?"ன்னு கேட்டுடுவோம். தெரிந்த வார்த்தைகளாகவே வந்தால் கேட்கவே தோணாது. புரிஞ்சுடுச்சுன்னு நினைச்சுக்கிட்டுப் போயிடுவோம்.

ஃபன்னி எனக்குத் தெரியும். டர்னும் தெரியும். அதுதான் வினை.

6/
இப்போ அந்தப் பெரியவரிடம் வருவோம்.

எழுபது வயதுக்கு மேல். மனைவி இல்லை, தனியாக இருப்பவர். சமையலறையில் விழுந்து நெற்றி கிழிந்து வந்திருந்தார். ஐந்து தையல் போட்டேன். கை காலை ஆட்டச் சொல்லிப் பார்த்தேன். நல்லா பேசினார். வரிசையில் இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள்.

"திரும்பும்போது தடுமாறி விழுந்தார். வீட்டுக்கு அனுப்பலாம்." எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போயிட்டேன்.

பத்து நிமிஷத்துல வார்டு சிஸ்டர் கேஸ் ஷீட்டோடு வந்து நின்றார். முப்பது வருஷ சர்வீஸ் இருக்கும்.

"டாக்டர், தடுமாறி விழுந்ததா அவர் சொன்னாரா?"

"ஆமா. ஃபன்னி டர்ன்னு சொன்னார்."

சிஸ்டர் என்னை ஒரு நொடி பார்த்தார். திட்டவில்லை. "வாங்க, ஒரு ஈ.சி.ஜி. எடுத்துடலாம்" என்றார்.

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 32. கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்.

7/
ஃபன்னி டர்ன் என்றால் அந்த ஊர் பெரியவர்கள் பேச்சில் "திடீர்னு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்று அர்த்தம். தலைசுற்றல், கண் இருட்டல், மயக்கம், நினைவு தப்புதல் எதுவாகவும் இருக்கலாம். இங்கே ஃபன்னிக்கு வேடிக்கை என்று பொருள் இல்லை, வினோதம். டர்ன் என்றால் திடீர்னு வந்து போகிற உபாதை.

நம் இதயத்தின் மேல் அறைகளில் கிளம்பும் மின்சாரம் ஒரு சின்ன இணைப்பு வழியாகக் கீழ் அறைகளுக்கு இறங்கினால்தான் இதயம் ஒழுங்காகத் துடிக்கும். அந்த இணைப்பு அறுந்துவிட்டால் கீழ் அறைகள் தன் பாட்டுக்கு முப்பது, நாற்பது என்று மெதுவாகத் துடிக்கும். சில சமயம் சில நொடிகள் துடிக்கவே துடிக்காது. மூளைக்கு ரத்தம் போகாமல் மனுஷன் வெட்டிய மரம் போல விழுவார். சில நொடிகளில் எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்பார்.

அடுத்த தடவை எழுந்து உட்காராமலும் போகலாம்.

நினைவு தப்பி விழுந்த யாருக்கும் ஈ.சி.ஜி. எடுக்கணும் என்பது பாலபாடம். எனக்கும் தெரியும். தடுமாறி விழுந்தவருக்கு எடுக்கத் தேவையில்லை. நான் செய்த தப்பு வைத்தியத்தில் இல்லை, மொழிபெயர்ப்பில்.

அன்றைக்கே இதயப் பிரிவுக்கு மாற்றினார்கள். பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

8/
அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அவரை அனுப்பியிருந்தால் அந்தத் தனி வீட்டில், அதே சமையலறையில்... அதுக்கு மேல யோசிக்க முடியல.

ரெண்டு நாள் கழிச்சு வார்டில் போய்ப் பார்த்தேன். நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கோபப்படுவார்னு நினைச்சேன். நெற்றித் தையலைத் தொட்டுக் காட்டி, "தையல் நல்லாத்தான் போட்டிருக்க" என்றார்.

"இப்போ எப்படி இருக்கீங்க?"

"ரைட் ஆஸ் ரெய்ன்."

தலையாட்டப் போனேன். பழக்கதோஷம். சட்டென்று நிறுத்தி, "அப்படின்னா என்னங்க?"ன்னு கேட்டேன்.

அவர் சிரித்தார். "பரிபூரண சுகம்னு அர்த்தம்."

வருஷம் பூரா மழையைத் திட்டிக்கிட்டே இருக்கிற ஊர்ல, மழை மாதிரி நல்லா இருக்கேன்னு சொல்றாங்க. ஏன்னு கேட்டேன். அவருக்கும் தெரியல.

9/
டிஸ்சார்ஜ் ஆகும் வரை தினமும் டியூட்டி முடிஞ்சதும் பத்து நிமிஷம் அவரிடம் டியூஷன். ஒரு குட்டி நோட்டு வாங்கி எழுதிக்கொண்டேன்.

"ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" என்றால் பேய்மழை. நாம பேயை இழுக்கிறோம், அவங்க பூனையையும் நாயையும். அந்தக் காலத்தில் கூரைமேல் படுத்திருக்கும் நாய் பூனையெல்லாம் மழையில் வழுக்கிக் கீழே விழும், அதனால் வந்தது என்றார் பெரியவர்.

தேடிப் பார்த்தேன். அது கட்டுக்கதை. 1999 வாக்கில் உலகம் முழுக்கச் சுற்றிய ஒரு ஃபார்வர்டு மெயிலால் பரவியது. எல்லா நாட்டிலும் ஒரு வாட்ஸாப் மாமா இருக்கார் போல. 1738-ல் ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிய நூலில் இந்தப் பிரயோகம் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்பதற்கு உறுதியான பதில் இல்லை.

அதே மெயிலில் இன்னொன்று: "சேவ்ட் பை த பெல்". உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் சவப்பெட்டியில் மணி கட்டினார்கள், அதில் பிழைத்தவன்தான் மணியால் காப்பாற்றப்பட்டவன் என்று ஒரு கதை. மணி வைத்த சவப்பெட்டிகளுக்கு 19-ம் நூற்றாண்டில் காப்புரிமை வாங்கியது நிஜம். ஆனால் இந்தச் சொல் குத்துச்சண்டையில் இருந்து வந்தது. அடி தாங்காமல் சாயப் போகிறவனைச் சுற்று முடியும் மணி காப்பாற்றிவிடும். அவ்வளவுதான்.

10/
டாக்டர்களுக்குப் பிடித்தது "பைட் த புல்லட்". தோட்டாவைக் கடி. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று அர்த்தம்.

மயக்க மருந்து இல்லாத காலத்தில் அறுவை சிகிச்சையின்போது வாயில் தோட்டாவைக் கொடுப்பார்கள் என்று சினிமாவில் பார்த்திருப்பீங்க. ஆனால் 1796-ல் வந்த ஒரு கொச்சைமொழி அகராதி வேறு தகவல் சொல்கிறது. சவுக்கடி வாங்கும் சிப்பாய்கள், கத்தினால் கௌரவக் குறைவு என்று தோட்டாவை மெல்லுவார்களாம்.

மயக்க மருந்து வந்த கதை நமக்கு நல்லாத் தெரியும். 1846 அக்டோபர் 16, பாஸ்டன். ஈதர் கொடுத்து எல்லார் முன்னாலும் அறுவை சிகிச்சை. அதே வருஷம் டிசம்பர் 21, லண்டனில் ராபர்ட் லிஸ்டன் ஈதர் கொடுத்து ஒரு காலை எடுத்தார். அதுவரை நல்ல சர்ஜன் என்றால் வேகமாக அறுப்பவர் என்று அர்த்தம். ஏன்னா படுத்திருப்பவர் முழிச்சுக்கிட்டு இருப்பார்.

வலி போய் நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. தோட்டா இன்னும் பேச்சில் இருக்கு.

11/
நோட்டில் அதிகம் நிரம்பியது சாவைப் பற்றிய பக்கம்.

"கிக் த பக்கெட்." வாளியை உதைத்தார். 1785 அகராதியிலேயே இருக்கிறது. அறுத்த பன்றியைத் தொங்கவிடும் கட்டைக்கும் பக்கெட் என்று பெயர் உண்டு, துடிக்கும் கால் அதில் உதைபடும், அதிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள்.

இன்னொரு நாள் ஒரு பாட்டி, "ஐ லாஸ்ட் மை ஹஸ்பண்ட் லாஸ்ட் விண்டர்" என்றார். போன பனிக்காலத்தில் கணவரைத் தொலைத்துவிட்டாராம். பழைய நானாக இருந்தால் போலீஸில் புகார் கொடுத்தீங்களான்னு கேட்டிருப்பேன்.

அப்போதான் உறைத்தது. இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. நம்ம ஊரில் யாரும் "செத்துட்டார்"னு சொல்வதில்லை. தவறிட்டார், போய்ச் சேர்ந்துட்டார், இறைவனடி சேர்ந்தார். நேராகச் சொல்ல வாய் வராத இடத்தில்தான் மனுஷன் சுத்தி வளைக்கிறான். சிறுநீர், மலம், மயக்கம், சாவு. அதாவது டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய எல்லாமே அந்தப் பட்டியலில்தான் இருக்கு.

12/
நோட்டு நிறைய நிறைய எனக்குத் தலைக்கனம் ஏறியது. நானும் மரபுத்தொடராகவே பேச ஆரம்பிச்சேன்.

நிமோனியாவில் ஐந்து நாள் மோசமாக இருந்து தேறிய ஒரு பெண்மணி. கணவர் வேறு நாட்டுக்காரர், இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். வாசலில் நின்றவரிடம், "ஷி இஸ் அவுட் ஆஃப் த வுட்ஸ்" என்றேன் பெருமையாக. கண்டத்தைத் தாண்டிட்டாங்க என்று அர்த்தம்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "காட்டுக்கு ஏன் போனாள்?"ன்னு கேட்டார்.

ஒரு வருஷம் முன்னாடி நான் நின்ன அதே இடத்தில் அவரை நிறுத்தி வெச்சிருக்கேன். அன்னியில் இருந்து நோயாளிகிட்டயும் குடும்பத்துகிட்டயும் மரபுத்தொடர் பேசுவதில்லை. "ஆபத்து நீங்கிடுச்சு. நாளைக்கு நடக்க வைப்போம்." அவ்வளவுதான்.

13/
இன்னொரு விஷயம். மனநலப் பரிசோதனையில் பழமொழிக்கு அர்த்தம் கேட்பது பழைய வழக்கம். "கண்ணாடி வீட்டில் இருப்பவர் கல் எறியக் கூடாது என்றால் என்ன?" நோயாளி "கண்ணாடி உடைஞ்சிடும்" என்று நேரடி அர்த்தம் மட்டும் சொன்னால், மறைபொருளை யோசிக்கும் திறன் குறைந்திருக்கலாம் என்று குறிப்பார்கள். டிமென்ஷியாவில், சில மனநோய்களில் அப்படி நடப்பது உண்மை.

ஆனால் வேற மொழியில் பிறந்தவரிடம் அதைக் கேட்டு முடிவு கட்ட முடியாது. வாட்டர்வொர்க்ஸ் என்றதும் குடிநீர் தொட்டியை நினைத்த என்னை அன்று யாராவது சோதித்திருந்தால் நான் ஃபெயில்.

14/
கடைசிக் கதை. இதில் மாட்டியது அவங்க.

இடுப்பு எலும்பு முறிந்து ஒரு யாழ்ப்பாணத்து அம்மா அட்மிட் ஆகியிருந்தார். எண்பது வயது இருக்கும். மதியம் ஆபரேஷன், அதனால் வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று போர்டு. துணைக்கு இங்கிலாந்தில் பிறந்த பேரன், பதினாலு வயசு.

மயக்க மருந்து டாக்டர் வந்து, "முதுகுல ஊசி போட்டு மரத்துப்போக வைப்போம், வலி தெரியாது, நாளைக்கே எழுந்து நிற்கலாம்" என்று விளக்கினார். பேரன் சொல்லச் சொல்ல அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, என்ர வயித்தில பாலை வார்த்திட்டியள்" என்றார்.

பேரன் நேர்மையாக மொழிபெயர்த்தான். "பாட்டி வயித்துல நீங்க பாலை ஊத்திட்டீங்களாம்."

15/
டாக்டர் ஆடிப்போயிட்டார். வயிற்றில் பால் இருந்தால் ஆறு மணி நேரம் காத்திருக்கணும். தெளிந்த தண்ணீர் என்றால் இரண்டு மணி நேரம் போதும், பால் உணவுக் கணக்கு. மயக்கத்தில் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

யார் பால் கொடுத்தது? எத்தனை மணிக்கு? எவ்வளவு? வார்டே அல்லோலகல்லோலம். நர்ஸ்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறார்கள். ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளப் பேச்சு. இந்த வயசில் இடுப்பு முறிவோடு படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் சளி, படுக்கைப்புண், ரத்தக்கட்டு என்று ஆபத்து கூடும்.

அப்போ யாரோ, "எமர்ஜென்சியில் ஒரு தமிழ் டாக்டர் இருக்காரே" என்று எனக்கு போன் போட்டார்கள். ஓடினேன்.

"அம்மா, பால் குடிச்சீங்களா?"

"பாலோ? விடியேக்க இருந்து ஒரு சொட்டுத் தண்ணியும் தரேல்லையே தம்பி!"

எனக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியல. பயந்து பதறிக்கிட்டிருந்த மனசைக் குளிர வைத்ததற்கு எங்க மொழியில் நன்றி சொல்கிற விதம் அது என்று விளக்கினேன்.

மயக்க மருந்து டாக்டர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "என் இருபது வருஷ சர்வீஸ்ல யாரும் என்னை இப்படிப் பாராட்டினது இல்லை" என்றார். ஆபரேஷன் அன்று மதியமே நடந்தது. மறுநாள் அந்த அம்மா எழுந்து நின்றார்.

16/
அந்தப் பேரன் மேல தப்பே இல்லை. அவனுக்கு வயிறும் தெரியும், பாலும் தெரியும். எனக்கு ஃபன்னியும் டர்னும் தெரிந்த மாதிரி.

அதனால் மூணு விஷயம் சொல்லி முடிச்சுக்கிறேன்.

ஒண்ணு, வெளிநாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியவர்களுக்குப் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் மொழிபெயர்க்க வைக்காதீங்க. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்க. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அதற்கு நோயாளி காசு கட்டத் தேவையில்லை.

ரெண்டு, டாக்டரிடம் என்ன நடந்ததோ அதை நடந்தபடி சொல்லுங்க. "ஒரு மாதிரி இருந்துச்சு"ன்னு நிறுத்தாதீங்க. கண் இருட்டுச்சா, நினைவு போச்சா, எவ்வளவு நேரம், கூட யார் பார்த்தாங்க. நாசூக்கு வேண்டாம், எங்களுக்கு எல்லாம் பழக்கம்தான்.

மூணு, டாக்டர் தம்பி தங்கைகளுக்கு. புரியலைன்னா கேட்பீங்க, அது தெரியும். புரிஞ்ச மாதிரி இருந்தாலும் ஒரு தடவை கேளுங்க.

17/
இப்போ ஊருக்குத் திரும்பி வந்து பிராக்டிஸ் பண்றேன். என் தாய்மொழிதான். ஆனாலும் ஒருத்தர் "நெஞ்சைக் கரிக்குது" என்பார், இன்னொருத்தர் "குடல் ஏறிடுச்சு" என்பார், ஒரு அக்கா "உசிரே போய் உசிரு வந்துச்சு" என்பார். நெஞ்சைக் கரிப்பது வெறும் அசிடிட்டியாகவும் இருக்கலாம், ஹார்ட் அட்டாக்காகவும் இருக்கலாம்.

கேஸ் ஷீட்டில் அவர்கள் சொன்ன வார்த்தையை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதுவேன். பக்கத்தில், "அப்படின்னா உங்களுக்கு என்ன செய்யுது?"ன்னு கேட்டு அந்தப் பதிலை எழுதுவேன். ரெண்டு வரி கூடுதல் வேலை.

கூட வேலை செய்யும் ஜூனியர் பையன் ஒருநாள், "சார், தமிழ்ல சொல்றதையே ஏன் சார் திரும்பக் கேக்கறீங்க?" என்றான்.

நெற்றியில் ஐந்து தையலோடு வீட்டுக்குக் கிளம்ப கோட்டை மாட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். இன்னிக்கு உங்களுக்கும் சொல்லிட்டேன்.

உங்க வீட்டுப் பெரியவங்க உடம்பைப் பத்திச் சொல்கிற, வெளியாளுக்குப் புரியாத வார்த்தை ஏதாவது இருந்தா கீழே எழுதுங்க. என் நோட்டில் இன்னும் பக்கம் பாக்கி இருக்கு.